படிக்கட்டுக்குக் கீழே கிடக்கும் பெட்டி: எங்கள் இளையோர் மன்றத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மன்ற நிர்வாகக் குழுவினருக்கு,

அடுத்த ஆண்டுக்கான பட்டியலிலிருந்து 'குடும்ப வாழ்வும் குழந்தை வளர்ச்சியும்' செயல்திட்டம் நீக்கப்படுகிறது என்று நீங்கள் அனுப்பிய அறிவிப்பை நான்கு முறை படித்துவிட்டேன். மொத்தமே ஆறு வரிதான். பதினோரு ஆண்டுகளாக அதை நடத்திவரும் என்னிடமோ, அதில் இருக்கும் பிள்ளைகளிடமோ ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த முடிவு அது. நேரில் வந்து பேசிப் பார்த்தேன். 'முடிவாகிவிட்டது' என்று சொல்லி அனுப்பினீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன காரணங்கள் மூன்று. சேர்க்கை குறைந்துவிட்டது. ஆண்டு இறுதிக் கண்காட்சியில் வைத்துக் காட்ட எதுவும் இல்லை. 'இவையெல்லாம் வீட்டிலேயே கற்றுக்கொள்ளக்கூடியவை.' அறிவிப்பில் எழுதாத நான்காவது காரணம் ஒன்றும் உண்டு: ஒரு பெற்றோர் கொடுத்த புகார். அதைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுகிறேன். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது மூன்றாவது காரணம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் மூத்த மகளைக் கையில் வாங்கியபோது எனக்கு வயது 29. அதற்கு முன்னால் ஒரு கைக்குழந்தையைக்கூட நான் தூக்கியதில்லை. நான் வளர்ந்த வீட்டில் குழந்தைகள் இல்லாமல் இல்லை. அவர்களைப் பார்த்துக்கொள்வது ஆண்பிள்ளையின் வேலையாக இருந்ததில்லை, அவ்வளவுதான். வீட்டுப் பெரியவர்கள் 'குப்புறப் போடு, அயர்ந்து தூங்கும்' என்றார்கள். போட்டேன். உண்மையிலேயே அயர்ந்து தூங்கினாள். ஏழு வாரம் அப்படியே போயிற்று. தடுப்பூசிக்குப் போன இடத்தில் செவிலியர் ஒருவர் 'எப்படித் தூங்க வைக்கிறீர்கள்?' என்று பேச்சுவாக்கில் கேட்டார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும், தலையணையோ தளர்ந்த போர்வையோ முகத்தருகே இருக்கக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். அன்றிரவு விடியும்வரை அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பெரியவர்கள்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர்கள் காலத்தில் மருத்துவர்களும் அதைத்தான் சொன்னார்கள். பிறகு ஆய்வுகள் வந்தன. பிரிட்டனில் 1991-இல் மல்லாத்திப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரும் பிரசாரம் நடந்தது. அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-இல் அதே அறிவுரையைத் தந்தது. 1994-இல் அங்கும் நாடளாவிய பிரசாரம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில், தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் இரண்டு நாடுகளிலும் பாதிக்கும் மேல் குறைந்தன. படுக்க வைக்கும் பக்கத்தை மாற்றியதில் கிடைத்த பலன் அது. என் வீட்டுக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. ஒரு செவிலியர் பேச்சுவாக்கில் கேட்ட கேள்வியில்தான் வந்தது. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால்? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நான் உங்கள் மன்றத்துக்கு வந்ததே அதனால்தான்.

'வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம்' என்று எழுதியவர் இளையோர் மன்றங்கள் எப்படித் தோன்றின என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1902-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு மன்றம் தொடங்கினார். பின்னாளில் 'ஃபோர்-ஹெச்' என்று வளர்ந்த இயக்கத்தின் முதல் விதைகளில் அது ஒன்று. புதிய வேளாண் முறைகளை ஏற்கப் பெரியவர்கள் தயங்கிய காலம். பிள்ளைகள் சோளத்தை விதைத்துப் பார்த்தார்கள், மண்ணைச் சோதித்துப் பார்த்தார்கள், விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அப்பன் நம்பாததை மகன் கையில் பார்த்ததும் நம்பினான். வீட்டுக்குத் தெரியாததை வீட்டுக்குள் கொண்டுபோவதற்கென்றே பிறந்த அமைப்பு இது. இன்று அதே அமைப்பு, 'வீட்டில் தெரிந்துகொள்வார்கள்' என்று ஒரு செயல்திட்டத்தை மூடுகிறது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் அவன் தாயும் அனுமதி தந்ததால் எழுதுகிறேன்.

பதினான்கு வயது. எங்களிடம் விரும்பி வந்தவனும் இல்லை; அவன் கேட்ட செயல்திட்டத்தில் இடமில்லை என்று இங்கே அனுப்பினார்கள். முதல் இரண்டு கூட்டமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது கூட்டத்தில் அழுகையைப் பற்றிப் பேசினோம். பிறந்து இரண்டு வாரத்தில் இருந்து குழந்தையின் அழுகை கூடிக்கொண்டே போகும். இரண்டாம் மாதத்தில் உச்சத்துக்கு வரும். மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணியும். பால் கொடுத்தாலும் துணி மாற்றினாலும் தோளில் போட்டுத் தட்டினாலும் நிற்காத அழுகை உண்டு. அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பார்த்துக்கொள்பவருக்குக் கோபம் தலைக்கேறலாம். குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிட்டால், தலை கனமாகவும் கழுத்து பலமில்லாமலும் இருப்பதால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். பார்வை போகலாம், உயிரே போகலாம். ஆகவே கை நடுங்கத் தொடங்கும்போது செய்ய வேண்டியது ஒன்றே: குழந்தையைப் பாதுகாப்பான படுக்கையில் மல்லாத்திப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வா. சில நிமிடம் மூச்சு வாங்கு. யாரையாவது கூப்பிடு. பிறகு உள்ளே போய்ப் பார். இதைப் பொம்மையை வைத்து ஒவ்வொருவரும் செய்து காட்ட வேண்டும். அவனும் வேண்டாவெறுப்பாகச் செய்தான்.

ஐந்து மாதம் கழித்து அவனுக்கு ஒரு தங்கை பிறந்தாள். அவளுக்கு ஏழு வாரம் இருக்கும்போது ஒரு மாலை, தாய் ஒரு மணி நேரம் வெளியே போக வேண்டியிருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவன் முன்னதாகவே வந்துவிட்டான். மற்றவர்கள் வருவதற்குள் சொன்னான்: "நிக்கவே இல்ல அண்ணா. எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். கை அவளை இறுக்கிப் புடிச்சிருந்துச்சு, எனக்கே தெரியல. அப்புறம் நீங்க சொன்ன மாதிரி படுக்க வச்சிட்டு வெளிய வந்துட்டேன். முந்நூறு வரைக்கும் எண்ணிட்டு பக்கத்து வீட்டுல கூப்பிட்டேன். அவ உள்ள அழுதுட்டே இருந்தா. நான் விட்டுட்டு வந்தது தப்பா?"

அவன் வந்தது பாராட்டு வாங்கவோ பெருமை பேசவோ இல்லை. தங்கையை அழவிட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சியோடு வந்தான். தப்பே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரச் சற்று நேரமாயிற்று. அந்தத் தங்கைக்கு இப்போது மூன்று வயது. மன்ற வாசலில் அண்ணனைக் கூப்பிட வருகிற சிறுமி யாரென்று உங்களில் சிலருக்குத் தெரியும்.

இதைக் கண்காட்சி மேசையில் எப்படி வைப்பது? எனக்குத் தெரியவில்லை. பதினோரு ஆண்டுகளாக அந்த மண்டபத்தில் இயந்திரக் கைகளுக்கும் மரவேலைகளுக்கும் நடுவே எங்கள் மேசை இருந்திருக்கிறது. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் மேசையில் இருப்பவை நோட்டுகள். சென்ற ஆண்டு நடுவர் ஒருவர் ஒன்றைப் புரட்டிவிட்டு 'படம் எதுவும் இல்லையா?' என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். நோட்டுக்காரச் சிறுமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள், அவர் திரும்பி வருவார் என்று.

அந்த நோட்டு என்னவென்று உங்களில் பெரும்பாலோர் கேட்டதில்லை. நாங்கள் அதைக் 'கவனிப்பு நோட்டு' என்கிறோம். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒரு குழந்தையைப் பார்க்க வேண்டும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். 'அடம்பிடித்தான்', 'சமத்தாக இருந்தாள்' என்றெல்லாம் எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். எளிதாகத் தோன்றும், பெரியவர்களுக்கே வராத பழக்கம் அது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பதினாறு மாதத் தம்பியைப் பற்றி முதலில் எழுதியது ஒரே வரி: 'தம்பி இன்றைக்கு ரொம்ப அடம்.' அடுத்த வாரம் எழுதியதை அவள் சம்மதத்தோடு இங்கே தருகிறேன்:

'கதவைப் பார்த்தான். போய் என் செருப்பை எடுத்தான். என்கிட்ட நீட்டினான். நான் வாங்கலை. திரும்ப நீட்டினான். நான் செருப்பை வாங்கி ஓரமாக வச்சேன். தரையில உட்கார்ந்து அழுதான்.'

அதன் ஓரத்தில், வேறு மையில், பிறகு எப்போதோ எழுதிச் சேர்த்திருக்கிறாள்: 'வெளியே போகலாம்னு சொல்லியிருக்கான். எனக்குத்தான் புரியலை.'

மொழி வராத ஒரு குழந்தை பேசுவதை ஒரு சிறுமி கேட்கத் தொடங்கிய இடம் அது. வளர்ச்சி பற்றி நான் நடத்திய எந்த வகுப்பும் அவளுக்கு இதைக் கற்றுத்தந்திருக்காது. இந்த முறை என் கண்டுபிடிப்பும் இல்லை. சார்லஸ் டார்வின் 1839-இல் பிறந்த தன் மூத்த மகனை இப்படித்தான் நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதினார். 1877-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதைப் பற்றிய அறிவையே மாற்றிய ழான் பியாஜே, தன் மூன்று குழந்தைகளையும் பார்த்துப் பார்த்து எழுதியவர். அறிவியல் செயல்திட்டங்களுக்குத்தான் இனி முன்னுரிமை என்று அறிவிப்பில் சொல்லியிருக்கிறீர்கள். ஊகத்தை ஒதுக்கிவிட்டுக் கண்ணில் பட்டதை எழுதுவது அறிவியலில் சேராதா?

கையால் தொட்டுக் காட்டக்கூடிய வேலையும் நாங்கள் செய்யாமல் இல்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 3.17 செ.மீ. விட்டமுள்ள சிறு உருளை ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். பிள்ளைகள் அட்டையில் அதே அளவில் உருளை செய்து வீட்டுக்குக் கொண்டுபோய், தரையோடு தரையாகத் தவழ்ந்து, குழந்தையின் கண் மட்டத்தில் என்னென்ன கிடக்கிறது என்று தேடினார்கள். பேனா மூடி, நாணயம், திருகாணி எல்லாம் பட்டியலில் வந்தன. ஒரு வீட்டில் மூடி கழன்ற ரிமோட்டுக்கு அருகே ஒரு பொத்தான் பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடியது அது. எடுத்துக் கொடுத்தவள் பதினோரு வயதுச் சிறுமி. அதையும் கண்காட்சியில் வைத்தோம். நடுவர் குறிப்பில் 'மேசை அலங்காரம் போதாது' என்று இருந்தது.

இனி அந்தப் புகார்.

சென்ற பெற்றோர் நாளில் ஒரு சிறுமி தன் நோட்டிலிருந்து ஒரு பக்கம் வாசித்தாள். அவளுடைய தந்தை அவையில் இருந்தார். என்ன வாசித்தாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அந்த வீட்டுக்குரியது. அந்த மாதம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்த சோதனையைப் பற்றி. குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் தாய், சொல்லிவைத்தபடி சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைக் கேட்ட பிள்ளைகள் தங்கள் வீட்டை வேறு கண்ணால் பார்த்தார்கள். அந்த வாசிப்பு அவையில் ஒருவரைத் தலைகுனிய வைத்தது. 'பிள்ளைகளை வீட்டுக்குள் வேவு பார்க்க அனுப்புகிறீர்கள்' என்று அவர் எழுதினார்.

அவர் மனம் புண்பட்டது நியாயம். அந்தப் பக்கத்தை முன்கூட்டியே பார்க்காமல் மேடையேற விட்டது என் தவறு. அடுத்த நாளே அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். சொந்த வீட்டைப் பற்றி எழுதியது நோட்டோடு இருக்க வேண்டும், வெளியே வாசிக்கப்படக் கூடாது. எழுதப்பட்டவரின் சம்மதமில்லாமல் நானும் யாரிடமும் காட்டக் கூடாது என்று அன்றே விதி செய்தோம். விதியை எழுதித் தந்தவர்கள் பிள்ளைகள்தாம். இதையெல்லாம் உங்களுக்குக் கடிதமாக அனுப்பினேன். பதில் வரவில்லை. தவறைத் திருத்த வழி இருந்தும் நீங்கள் செயல்திட்டத்தையே எடுத்துவிட்டீர்கள். திருத்தம் போதாது என்று நினைத்திருந்தால் என்னை மாற்றியிருக்கலாம். அதை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

சேர்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் 22 பேர், அதில் பத்துப் பேர் பையன்கள். இந்த ஆண்டு 9 பேர், பையன்கள் இரண்டே பேர். நடுவில் என்ன நடந்தது என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் எங்களைத் தையலுக்கும் வீட்டு அலங்காரத்துக்கும் அடுத்து 'வீட்டுக்கலை' என்ற தலைப்பில் சேர்த்தீர்கள். கூட்ட நேரத்தைக் கால்பந்துப் பயிற்சி நேரத்துக்கு மாற்றினீர்கள். இரண்டையும் எதிர்த்து அப்போதே எழுதினேன். குழந்தையை வளர்ப்பதில் தாய் தந்தை இருவருக்கும் பொதுவான பொறுப்பு உண்டு என்று 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பொறுப்புக்குத் தயாராக ஒரு பையனுக்கு இந்த மன்றத்தில் இருந்த ஒரே இடம் இதுதான். முதலில் அவனுக்குக் கதவைச் சாத்திவிட்டு, இப்போது 'யாரும் வருவதில்லை' என்கிறீர்கள். தங்கையைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்த அந்தப் பையன் இந்தப் புதிய நேரத்தில் எங்களிடம் வந்திருக்கவே மாட்டான்.

நான் கேட்பது இவை.

நீக்கும் முடிவை ஓர் ஆண்டுக்கு நிறுத்தி வையுங்கள். அதற்குள் இந்தச் செயல்திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளையும், முன்பு இருந்தவர்களையும், பெற்றோரையும், புகார் தந்தவரையும் சேர்த்தே, கூட்டத்துக்கு அழைத்துக் கேளுங்கள். பிள்ளைகள் பேசும்போது நான் வெளியே இருக்கிறேன்.

படிவத்தில் எங்களுக்குத் தனித் தலைப்பு வேண்டும். பழைய சனிக்கிழமை காலை நேரம் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகும் ஓர் ஆண்டு முடிவில் பிள்ளைகள் வரவில்லை என்றால் அந்த எண்ணிக்கையை வைத்து நீங்கள் எடுக்கும் முடிவை மறுபேச்சில்லாமல் ஏற்பேன்.

கண்காட்சியில் எங்கள் பிள்ளைகளுக்கு மேசை வேண்டாம். நடுவர் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையோடும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, 'என்ன பார்த்தாய், அதிலிருந்து என்ன புரிந்தது?' என்று கேட்க ஏற்பாடு செய்யுங்கள். நோட்டை அவர் திறக்கத் தேவையில்லை, பிள்ளை சொல்வாள்.

ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி பெற்ற செவிலியரோ குழந்தை மருத்துவரோ எங்கள் கூட்டத்துக்கு வர வேண்டும். நான் தன்னார்வலன். படித்துத் தெரிந்துகொண்டவன். நான் சொல்வதும் ஒருநாள் பழையதாகிப்போகும். அதைத் திருத்த ஆள் வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்டதையும் மறுபடி கேட்கிறேன். கனடாவின் டொரான்டோவில் மேரி கார்டன் 1996-இல் தொடங்கிய 'ரூட்ஸ் ஆஃப் எம்பதி' திட்டத்தில், ஒரு கைக்குழந்தையும் அதன் பெற்றோரும் ஒரு கல்வியாண்டு முழுக்க மாதந்தோறும் ஒரே வகுப்பறைக்கு வருவார்கள். குழந்தை தலை தூக்குவதையும் உட்காருவதையும் ஏன் அழுகிறது என்பதையும் மாணவர்கள் கூட இருந்து பார்ப்பார்கள். அதேபோல இங்கேயும் வர ஒரு தாய் முன்வந்தார். உங்கள் அனுமதிக்காகக் காத்திருந்தே அவர் குழந்தைக்கு இரண்டு வயது ஆகிவிட்டது. இப்போது வேறொரு குடும்பம் சம்மதித்திருக்கிறது. குழந்தைக்கு மூன்று மாதம். இந்த முறை பதிலைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்குவதற்கு முன் இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும்.

கடைசியாக ஒன்று. இது இன்றைக்கே செய்ய வேண்டியது. புதிய செயல்திட்டத்துக்காக எங்கள் அலமாரியைக் காலி செய்து, உள்ளே இருந்த பெட்டியைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள். அதில் இரண்டு பயிற்சிப் பொம்மைகளும் அட்டை உருளைகளும் 31 கவனிப்பு நோட்டுகளும் இருக்கின்றன. பெட்டிக்குப் பூட்டு கிடையாது. சம்மதமில்லாமல் யாரிடமும் காட்ட மாட்டோம் என்று பிள்ளைகளோடு சேர்ந்து விதி செய்திருக்கிறேன். உங்கள் முடிவு எதுவாக இருந்தாலும், இன்று மாலை மன்றத்தைப் பூட்டுவதற்கு முன் அந்தப் பெட்டியை அலுவலக அறைக்குள் எடுத்து வைத்து அறையைப் பூட்டுங்கள். நாளை காலை நானே வந்து ஒவ்வொரு நோட்டையும் அதை எழுதிய பிள்ளையின் கையில் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
'குடும்ப வாழ்வும் குழந்தை வளர்ச்சியும்' செயல்திட்ட வழிகாட்டி